விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாத ஹைலக்ஸ்: ஸ்டார்ட்டரையும் பம்பையும் கழற்றும் முன்

முல்லைத்தீவில் மீன் ஏற்றும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடையது 1990களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 3எல் டீசல் எஞ்சின். விடியற்காலையில் கரையில் மீனை ஏற்றிவிட்டுத் திறப்பைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. நாலைந்து தரம் திருப்பினால் சுற்றுகிறது, ஆனால் மெதுவாக. வெள்ளைப் புகை வருகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. மத்தியானத்தில் அதே வாகனம் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. கராஜில் சொன்னபடி புதுப் பற்றரி போட்டும் குறை தீரவில்லை. இப்போது ஸ்டார்ட்டரை மாற்ற வேண்டும், அதற்கும் சரிவராவிட்டால் டீசல் பம்பை இறக்க வேண்டும் என்கிறார்களாம். எதை முதலில் செய்வது என்பது அவருடைய கேள்வி.

தம்பி, இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் எர்த் வயரில் (எஞ்சினில் இருந்து பற்றரியின் மைனஸுக்குத் திரும்பும் வயர்), அடுத்தது ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் செப்புத் தகட்டில், அதன் பிறகு ஹீற்றர் பிளக்கில் (குளிரில் ஸ்டார்ட் ஆவதற்குச் சிலிண்டருக்குள் சூடு கொடுக்கும் பிளக்). மூன்றுமே முழு ஸ்டார்ட்டரை விடவும் பம்பை விடவும் மிகக் குறைந்த செலவில் முடிகிற வேலை. ஆனால் என் சந்தேகத்தை நம்பியும் எதையும் வாங்க வேண்டாம். அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். புதுப் பற்றரிக்குக் கொடுத்த காசு அளக்காமல் போன காசு. அடுத்ததும் அப்படிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ‘ஸ்டார்ட் ஆகுதில்லை’ என்று நாங்கள் ஒரே வாயில் சொல்வது இரண்டு வேறு நோய்கள். எஞ்சின் சுற்றவே இல்லை அல்லது மெதுவாகச் சுற்றுகிறது என்றால் அது மின்சாரப் பக்கம். நன்றாக வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல், சூடு, கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்றை நெருக்குவது) பக்கம். உங்களுக்கு இரண்டும் இருப்பதுபோலத் தெரிகிறது. அதனால்தான் கராஜில் ஒரு நாள் ஸ்டார்ட்டர் என்கிறார்கள், இன்னொரு நாள் பம்ப் என்கிறார்கள். ஆனால் டீசல் எஞ்சினில் முதல் நோய் இரண்டாவதைத் தானே உண்டாக்கும். இதில் பெற்றோல் எஞ்சின் மாதிரி தீப்பொறி கிடையாது. காற்றை 22க்கு 1 என்ற அளவுக்கு நெருக்கும்போது வருகிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. வேகமாக நெருக்கினால் அந்தச் சூடு உள்ளேயே நிற்கும். மெதுவாகச் சுற்றினால் குளிர்ந்த சிலிண்டர் சுவர் சூட்டை உறிஞ்சிவிடும், பிஸ்டன் வளையங்களால் காற்றும் கசிந்துவிடும். டீசல் வந்து சேர்ந்தும் பற்றாமல் வெள்ளைப் புகையாக வெளியே போகும். ஆகவே வெள்ளைப் புகையைப் பார்த்தவுடன் பம்பைச் சந்தேகிப்பது சரியில்லை. புகை வருகிறதே, அப்படியென்றால் டீசல் வருகிறது.

சரி, பற்றரியில் இருந்து தொடங்குவோம். புதுப் பற்றரி என்பதற்காக அது நல்ல நிலையில் இருக்கிறது என்று எடுக்க முடியாது. இரவு முழுவதும் நின்ற வாகனத்தில், பொனட்டைத் திறந்து, மல்டிமீற்றரை 20 வோல்ட் டிசியில் வைத்துப் பற்றரியின் இரண்டு தலையிலும் நேரே பிடியுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் அதைச் சார்ஜ் ஏற்றாமல் மற்றச் சோதனை எதுவும் செய்ய வேண்டாம், எல்லாமே பிழையான பதிலைத்தான் சொல்லும். பிறகு ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லிவிட்டு அதே இடத்தில் பாருங்கள். சுற்றும்போது 10 வோல்ட் அளவில் நின்றால் பற்றரி நல்லது. 9.5க்குக் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மிஞ்சி இழுக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஒல்டனேட்டர் ஏற்றவில்லை, எத்தனை புதுப் பற்றரி போட்டாலும் அதே கதைதான்.

மீற்றர் இல்லையென்று சொல்ல வேண்டாம். சாதாரண மல்டிமீற்றர் ஒன்று ஒரு ஹீற்றர் பிளக்கின் விலைக்கே வரும். பிக்கப் வைத்துத் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் வாகனத்துக்குள் ஒன்று வைத்திருக்க வேண்டும். ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் நடுவில் காட்டுக்குள் நின்றுவிட்டால் மெக்கானிக் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதும், அதற்குள் ஐஸ் உருகி மீன் என்ன ஆகும் என்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும்போது 200 அம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த ஓட்டம் பற்றரியின் பிளஸ்ஸில் இருந்து தடித்த வயரால் ஸ்டார்ட்டருக்குப் போய், ஸ்டார்ட்டரின் உடம்பால் எஞ்சினுக்கு இறங்கி, எஞ்சினில் இருந்து எர்த் வயரால் மைனஸுக்குத் திரும்ப வேண்டும். போகிற பாதைக்கு எவ்வளவு கவனமோ அவ்வளவு கவனம் திரும்புகிற பாதைக்கும் வேண்டும், ஆனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. எர்த் வயர் போல்ட் போட்ட இடத்தில் ஒரு ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 200 அம்பியரில் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஸ்டார்ட்டருக்கு மிஞ்சுவது 8 வோல்ட். சிறிய தடை என்பதால் மீற்றரை ஓமில் வைத்து அளந்தால் அது பூச்சியம் என்றே காட்டும். லைட் போட்டுப் பார்த்தாலும் பிரகாசமாகத்தான் எரியும், ஏனென்றால் லைட் இழுப்பது சில அம்பியர்தான். ‘லைட் நல்லா எரியுது, அப்ப பற்றரியும் வயரும் ஓகே’ என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

மீன் ஏற்றுகிற வாகனத்தில் இது ஏன் இன்னும் மோசம்? ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் பெட்டியில் இருந்து வழிந்து சேசிஸில் ஊறுகிறது. கடற்கரைக் காற்றும் உப்பு. மாரியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகிற நாட்களில் அந்த உப்புத் தண்ணீருக்குள்ளாலும் ஓடுகிறீர்கள். செம்பு வயர், ஈயம் பூசிய முனை, இரும்பு உடம்பு மூன்றும் சந்திக்கும் இடத்தில் உப்பு பட்டால் வெளியே நட் இறுக்கமாகத் தெரியும், உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். ரப்பர் உறைக்குள்ளே செம்பு கறுத்துப் பொடியாகிப் போன வயர்களும் உண்டு. வெளியில் பார்த்தால் புது வயர் மாதிரி இருக்கும். முல்லைத்தீவு, கொக்கிளாய், நாயாற்றுப் பக்கம் ஓடுகிற வாகனங்களில் நான் முதலில் கை வைப்பது எப்போதும் எர்த்தில்தான். நெல்லும் மரக்கறியும் ஏற்றுகிற மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்து வாகனங்களில் இந்த அளவுக்கு வராது. அங்கே செம்மண் புழுதியும் எலியும்தான் தொல்லை.

சோதனை இப்படி. எஞ்சின் தற்செயலாகப் பிடித்துவிடாமல் இருக்க, டீசல் பம்பின் மேல் இருக்கும் கட்டோஃப் சொலனொயிட்டின் (மின் வந்தால் டீசலைத் திறந்து, மின் நின்றால் மூடும் வால்வு) சிறிய வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். கியர் நியூட்ரலில், ஹாண்ட் பிரேக் இழுத்திருக்க வேண்டும். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் ஈயத் தலையிலேயே குத்துங்கள், கிளிப்பில் அல்ல. மற்ற முனையை எஞ்சின் உடம்பில் பெயின்ட் இல்லாத சுத்தமான உலோகத்தில் பிடியுங்கள். இப்போது ஒருவர் திறப்பைத் திருப்பட்டும். சுற்றும் நேரத்தில் மீற்றர் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. அதே மாதிரிப் பிளஸ் தலையில் இருந்து ஸ்டார்ட்டரின் பெரிய நட் வரை அளந்தால் 0.5க்கு மேல் போகக்கூடாது. ‘டக்’ என்று மட்டும் சத்தம் வந்து மோட்டர் சுற்றாத நேரத்தில் இந்த எண்களை நம்ப வேண்டாம். ஓட்டம் போகாவிட்டால் கெட்ட வயரும் நல்லது மாதிரித்தான் காட்டும். மெதுவாகவாவது சுற்றும்போது அளந்ததுதான் கணக்கு.

மீற்றர் கையில் இல்லாத நேரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஜம்பர் வயரின் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தைப் பற்றரி மைனஸிலும் மறு பக்கத்தை எஞ்சின் உடம்பிலும் கவ்வ வையுங்கள். இப்போது திறப்பைத் திருப்பினால் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறதா? அப்படியென்றால் பழைய எர்த் வயர்தான் நோய். இன்னொன்று, சில நொடி சுற்றிவிட்டு ஒவ்வொரு டெர்மினலையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கேதான் உங்கள் வோல்ட் தொலைகிறது.

எர்த் என்று உறுதியானால் திருத்துவது கடினமில்லை. மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் போட வேண்டும். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் உடம்பில் பட்டால் பெரிய பொறி பறக்கும். பற்றரியில் இருந்து வருகிற வாயுவே வெடிக்கும் தன்மையுள்ளது. தலையில் பூத்திருக்கும் வெள்ளையை அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவுங்கள், அந்தத் தண்ணீர் பற்றரியின் மூடிக்குள் போகாமல். எஞ்சினிலும் சேசிஸிலும் எர்த் போட்ட இடங்களை உலோகம் பளபளக்கும் வரை அரத்தாளால் தேயுங்கள். வயர் உள்ளே கறுத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. 35 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் வாங்கி, முனையை நன்றாக அழுத்திப் பொருத்தித் தரச் சொல்லுங்கள். இறுக்கின பிறகு மேலே கிறீஸ் பூசுங்கள், இறுக்குவதற்கு முன் அல்ல. வாகனத்தின் உடம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே மெல்லிய எர்த் பட்டி ஒன்றும் இருக்கும். அதையும் மறக்க வேண்டாம். அத்துடன் மீன் பெட்டியின் தண்ணீர் வழியும் துளையில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, சேசிஸைத் தாண்டிப் பின்பக்கமாக விழ விடுங்கள். ஒவ்வொரு நாளும் ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும்.

எர்த்தும் பிளஸ் வயரும் நல்லது, பற்றரியும் நல்லது, ஆனாலும் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வருகிறது என்றால் அடுத்தது ஸ்டார்ட்டருக்குள். சத்தத்தைக் கவனியுங்கள். ‘டக டக டக’ என்று விடாமல் அடித்தால் பற்றரி தாழ்ந்திருக்கிறது அல்லது எங்கோ தளர்வு. ஒரு சத்தமும் இல்லையென்றால் இக்னிஷன் சுவிச், பியூஸ், ஸ்டார்ட்டருக்கு வருகிற சிறிய வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கனமாக ஒரே ஒரு ‘டக்’ வந்து மோட்டர் சுற்றாமல், நாலைந்து தரம் திருப்பியபின் சுற்றினால் அது டொயோட்டா ஸ்டார்ட்டர்களின் பழகின நோய். ஸ்டார்ட்டரின் சொலனொயிட் (மின்காந்த சுவிச்) உள்ளே இழுத்ததும் ஒரு செப்புத் தட்டு இரண்டு செப்புத் தகடுகளை இணைக்கும், அதனால்தான் மோட்டருக்கு மின் போகும். பல வருடம் பொறி பறந்து அந்தத் தகடுகள் தேய்ந்துவிடும். ஒரு பக்கத் தகடு மற்றதைவிட அதிகம் தேயும், தட்டு சரிவாகப் போய் ஒன்றில் முட்டும், மற்றதில் முட்டாது. இழுத்த சத்தம் வரும், மின் போகாது.

உறுதிப்படுத்துவதற்கு, ‘டக்’ சத்தம் வருகிற அந்த நேரத்திலேயே ஸ்டார்ட்டரின் பெரிய நட்டில் ஒரு முனை, அதற்குப் பக்கத்தில் மோட்டருக்குள் இறங்குகிற வயரின் நட்டில் மறு முனை வைத்து அளவுங்கள். திறப்பு திருப்பியிருக்கும்போது இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒன்றும் காட்டக்கூடாது. 12 வோல்ட் அப்படியே காட்டினால் தகடு இணைக்கவில்லை. இதற்கு முழு ஸ்டார்ட்டர் தேவையில்லை. செப்புத் தகடு இரண்டும், தேவைப்பட்டால் உள்ளே இழுக்கும் தட்டும் தனியாக விற்கிறார்கள். ஸ்டார்ட்டரை இறக்கி, பின்மூடியைக் கழற்றி மாற்றுவது ஒரு காலை வேலை. இறக்கின கையோடு கார்பன் பிரஷ்களின் நீளத்தையும் பாருங்கள், கட்டையாகியிருந்தால் அவற்றையும் மாற்றலாம். ‘ரீகண்டிஷன்’ என்று சொல்லி கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து வருகிற ஸ்டார்ட்டர்களில் வெளியே கறுப்புப் பெயின்ட் மட்டும் அடித்தவையும் இருக்கின்றன. உங்கள் சொந்த ஸ்டார்ட்டரைத் திருத்துவது அதைவிடப் பாதுகாப்பு.

வாகனத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரால் ஸ்டார்ட்டரின் இரண்டு நட்டையும் இணைத்துப் பார்க்கிற பழக்கம் எங்கள் ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்ய வேண்டாம். கியரில் விட்டிருந்தால் வாகனம் உங்கள் மேலாலேயே ஏறிவிடும்.

இப்போது இரண்டாவது நோய். மேலே சொன்னதெல்லாம் சரி செய்து, எஞ்சின் நன்றாகச் சுற்றியும் விடியற்காலையில் மட்டும் பிடிக்கவில்லை, வெள்ளைப் புகை வருகிறது என்றால் ஹீற்றர் பிளக்கைப் பாருங்கள். மத்தியானம் உடனே பிடிப்பதற்கும் இது பொருந்தும். வன்னியில் மார்கழி, தை விடியற்காலைகளில் 20 பாகை அளவுக்கு இறங்கும். நல்ல எஞ்சினுக்கு அது பெரிய குளிரில்லை. தேய்ந்த பழைய 3எல் எஞ்சினுக்கு ஹீற்றர் இல்லாமல் அது போதும். டாஷ்போர்டில் ஹீற்றர் லைட் எரிந்து அணைவதை வைத்து பிளக் வேலை செய்கிறது என்று எண்ண வேண்டாம். அந்த லைட் நேரத்தைக் காட்டுகிறதே தவிர சூட்டைக் காட்டுவதில்லை. நாலு பிளக்கும் செத்திருந்தாலும் அது எரிந்து அணையும்.

நாலு பிளக்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றுங்கள். இன்டிகேட்டர் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பிடித்து, ஒரு வயரைப் பற்றரி பிளஸ்ஸில் வைத்து மறு வயரால் ஒவ்வொரு பிளக்கின் நுனியையும் தொடுங்கள். பல்ப் எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது, எரியாவிட்டால் அறுந்துவிட்டது. ஒன்று அறுந்தால் வாகனம் அரைகுறையாக ஸ்டார்ட் ஆகி ஒரு சிலிண்டர் தட்டும். இரண்டு, மூன்று அறுந்தால் உங்கள் கதைதான். நாலும் எரிந்தால், திறப்பைப் போட்டதும் அந்தத் தகட்டுக்கு மின் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் றிலே அல்லது பியூஸ். கழற்றும்போது எஞ்சின் கொஞ்சம் சூடாக இருக்கட்டும், இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்றுங்கள். பலவந்தம் செய்தால் ஹெட்டுக்குள் முறிந்துவிடும், பிறகு ஹெட் இறக்கும் வேலை. புதிதாக வாங்கும்போது பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். எல்லா ஹைலக்ஸிலும் 12 வோல்ட் பிளக் இல்லை. 6 வோல்ட் வகை போட்ட இடத்தில் 12 வோல்ட் போட்டால் சூடாகாது, மாறிப் போட்டால் நொடியில் எரிந்துவிடும்.

வேகமாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால்தான் டீசல் வரவில்லை என்று பொருள். உங்கள் வாகனத்துக்கு இப்போது இது இல்லை என்றாலும் ஒரு நாள் வரும், அதனால் சொல்லி வைக்கிறேன். முதலில் அந்தக் கட்டோஃப் சொலனொயிட். திறப்பைப் போட்டு அதன் வயரைக் கழற்றித் தொட்டால் ‘டிக்’ என்று கேட்க வேண்டும், 12 வோல்ட் வர வேண்டும். எலி கடித்து அந்த ஒற்றை வயர் அறுந்து, பம்ப் பிழை என்று முடிவு கட்டப்பட்ட வாகனங்கள் உண்டு. நெல் வெட்டி முடிந்து வயலில் இருந்து எலி வீட்டுக்கு ஏறுகிற காலத்தில் பொனட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.

அடுத்தது தண்ணீரும் காற்றும். 2022இல் டீசல் இல்லாமல் கியூஆர் காட்டி வரிசையில் நின்ற காலத்தில் கானிலும் பீப்பாயிலும் டீசல் சேர்த்து வைக்கும் பழக்கம் பலருக்கு வந்தது. அந்தப் பாத்திரங்களின் அடியில் தண்ணீரும் துருவும் நிற்கும். டீசல் பில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். சுத்தமான டீசல் வரும் வரை விட்டு மூடுங்கள். காற்றுப் பிடித்திருந்தால் பில்டருக்கு மேலே உள்ள கைப்பம்பை அது இறுகும் வரை அழுத்த வேண்டும். ஒவ்வொரு காலையிலும் கைப்பம்ப் தொளதொளவென்று இருந்தால் இரவில் எங்கோ காற்று புகுந்து டீசல் தாங்கிக்குத் திரும்பி ஓடுகிறது. வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், கைப்பம்பின் ரப்பர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எளிய சோதனை: ஒரு சிறிய கானில் சுத்தமான டீசல் எடுத்து எஞ்சினை விட உயரத்தில் தொங்கவிட்டு, பம்புக்குள் போகும் குழாயை நேரே அதில் இருந்து எடுங்கள். வாகனம் உடனே ஸ்டார்ட் ஆனால் பம்பில் பிழை இல்லை, தாங்கியில் இருந்து பில்டர் வரையில்தான் பிழை.

பம்ப் உண்மையில் தேய்ந்திருந்தால் அது உங்கள் கதைக்கு நேர் எதிராக நடக்கும். காலையில் குளிரில் நன்றாகப் பிடிக்கும், ஓடி வந்து சூடாக நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பினால் பிடிக்காது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் குளிர வைத்தால் மறுபடி பிடிக்கும். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளியால் கசிவதுதான் காரணம். அந்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்த டீசல் அடித்தால் அதன் ஆயுள் குறையும், விலை மலிவு என்று யார் தந்தாலும் வாங்க வேண்டாம். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோல் வாகனங்களை நாலு துளி பெற்றோலில் பிடிக்க வைத்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய கார்பரேட்டர் எஞ்சின் அதைத் தாங்கியது. பற்றரியும் உதிரிப்பாகமும் கிடைக்காத அந்த நாட்களில் எங்கள் மெக்கானிக்மார் எதையும் மாற்றிப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கவில்லை, மாற்றுவதற்குக் கையில் ஒன்றும் இருக்கவில்லை. பல்பும் இரண்டு வயரும் வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். இன்று ஏ9 வீதி முழுக்கக் கடை இருக்கிறது என்பதற்காக அந்தத் திறமையை நாங்கள் விட்டுவிடக்கூடாது.

வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொரு வாகனத்தில் இருந்து மின் எடுக்கும்போது கவனம்: டிப்பரும் பெரிய லொறியும் பெரும்பாலும் 24 வோல்ட். அதை உங்கள் 12 வோல்ட் வாகனத்தில் கொடுத்தால் பற்றரி வெடிக்கலாம், வயரிங் கருகலாம். உழவு இயந்திரம், கார், வான், இன்னொரு பிக்கப் இவை 12 வோல்ட். வன்னியில் உழவு இயந்திரம் இல்லாத ஒழுங்கை இல்லை, அதைத் தேடுங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் முதலில். பிறகு அவர்களுடைய மைனஸில் இருந்து உங்கள் எஞ்சின் உடம்புக்கு, பற்றரி மைனஸுக்கு அல்ல. தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதென்றால் திறப்பைப் போட்டு, இரண்டாம் கியரில், வேகம் வந்ததும் கிளச்சை விடுங்கள். பற்றரி முற்றாகச் செத்திருந்தால் கட்டோஃப் சொலனொயிட் திறக்காது, எவ்வளவு தள்ளினாலும் பிடிக்காது. காற்றுக் குழாயில் பெற்றோல் நனைத்த துணி வைப்பதோ ஸ்டார்ட் ஸ்பிரே அடிப்பதோ ஹீற்றர் பிளக் உள்ள எஞ்சினில் கூடவே கூடாது. பிஸ்டனை உடைக்கும்.

வெள்ளத்துக்குள் ஓடி நின்ற வாகனத்தைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வாகனங்கள் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சிலிண்டருக்குள் போன தண்ணீரை நெருக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். ஹீற்றர் பிளக் நாலையும் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. உங்களிடம் 2005க்குப் பிறகு வந்த 1கேடி, 2கேடி எஞ்சின் ஹைலக்ஸோ வேறு கொமன்ரெயில் (மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் அடிக்கும் புது முறை) பிக்கப்போ இருந்தால், பற்றரி, எர்த், ஸ்டார்ட்டர் பற்றிச் சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். டீசல் பக்கம் பொருந்தாது. அந்த எஞ்சின்களில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கக்கூடாது. அங்கே இருக்கும் அழுத்தத்தில் பாய்கிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அப்படிப் பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஸ்கானர் போட்டுப் பார்க்கிற இடத்துக்கே கொண்டு போங்கள்.

தம்பி, நாளை விடியற்காலையில், எஞ்சினைத் தொடுவதற்கு முன் நான்கு எண்களை எழுதுங்கள்: நிற்கும்போது பற்றரி வோல்ட், சுற்றும்போது பற்றரி வோல்ட், சுற்றும்போது மைனஸில் இருந்து எஞ்சின் வரை, சுற்றும்போது பிளஸ்ஸில் இருந்து ஸ்டார்ட்டர் நட் வரை. அதோடு நாலு ஹீற்றர் பிளக்கில் எத்தனை பல்பை எரிய வைக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். எர்த்தில் 0.3க்கு மேல் வந்தால் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வயரை மாற்றிவிட்டு மறுபடி அளவுங்கள். செப்புத் தகடு வாங்கக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போவதென்றால் கழற்றின பழைய தகட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாதிரித் தெரிகிற ஸ்டார்ட்டர்களுக்கும் தகட்டின் அளவு மாறும்.